டத்தோ ஸ்ரீ முதலில் இறங்க வேண்டும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். நல்ல வார்த்தைகளையெல்லாம் நான் வேலையில் இருந்தபோதே வாடிக்கையாளர்களிடம் செலவழித்துவிட்டேன். கைவசம் இருப்பது மற்ற வார்த்தைகள்தான். ஓய்வு பெற்றவளை யாரும் வேலையை விட்டுத் தூக்க முடியாது என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில், நாம் என்ன வேலை செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் நியமனக் கடிதத்தில் அது இருக்காது. அதில் "விண்வெளித் தீர்வுகள்" என்று ஏதோ போட்டிருப்பார்கள். சொந்தமாக ஒரு ராக்கெட் அமர்த்த வசதியில்லாத சின்னச் சின்னச் செயற்கைக்கோள்காரர்களைச் சேர்த்து, வெளிநாட்டில் ஒரு சின்ன ராக்கெட்டில் இடம் பிடித்து, எல்லாரையும் ஒன்றாக ஏற்றி அனுப்புகிறோம். வேன் ஒன்று, குடும்பம் நாலு. ஒவ்வொரு குடும்பமும் வேன் தங்களுக்காகத்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். அந்த நினைப்பைக் கெடுக்காமல் நாலு பேரையும் உட்கார வைப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

நான் சொல்லப்போகும் பயணத்திலும் நாலு செயற்கைக்கோள்கள். இரண்டு வெளிநாட்டுக்காரர்களுடையவை. அவர்கள் எல்லாப் படிவத்தையும் நேரத்தோடு நிரப்பி அனுப்பினார்கள். ராக்கெட்டிலும் அவர்களுடைய பெட்டிகள் எதிர்ப்பக்கம் பார்த்து இருந்தன. ஆகவே அவர்களுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

மற்ற இரண்டும் நம்மவர்களுடையவை. ஒன்று, பந்திங் பக்கம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டங்கள் வைத்திருந்த, சுல்தானிடம் பட்டம் வாங்கிய ஒரு டத்தோவுடையது. மேலேயிருந்து தோட்டத்தைப் படமெடுத்து, எங்கே மரம் நோயில் வாடுகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று காட்டும். பத்து கிலோவுக்குக் கொஞ்சம் கூட. இன்னொன்று, கிள்ளானில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியுடையது. மூன்று கிலோகூட இல்லை, ஒரு ரொட்டிப் பாக்கெட் அளவுதான் இருக்கும். கிள்ளான் ஆற்றோரத்தில் பாலத்துக்குப் பாலம் மாணவர்கள் நீர்மட்டக் கருவிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். வெள்ளம் வந்தால் முதலில் செத்துப்போவது தொலைபேசிக் கோபுரம். அந்த நேரத்தில் ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அந்தக் கருவிகள் சொல்வதை மேலேயிருந்து கேட்டுக் கீழே அனுப்புவதுதான் அந்த ரொட்டிப் பாக்கெட்டின் வேலை. அதைச் செய்ய நாலு வருஷம் ஆனது. அந்தக் கல்லூரியின் விரிவுரையாளரைத்தான் இனி வாத்தியார் என்று சொல்லப்போகிறேன். பெயர் போட்டால் கூச்சப்படுவார்.

சுங்கை வேயில் இருக்கும் நம் தூசு புகாத சுத்த அறைக்கு இரண்டும் வந்தபோதே டத்தோவின் கோள் சொன்ன எடையைவிட இருநூறு கிராம் கூட இருந்தது. எல்லாருடையதும் கூடத்தான் இருக்கும், விமான நிலையத்தில் பெட்டி நிறுக்கும்போது உங்களுடையது இருப்பதைப் போல. எதனால் என்று திறந்து பார்த்தோம். உள்ளே ஓர் உலோகத் தகடு, அதில் டத்தோவின் பெயர். ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் அதை யார் படிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதம் கழித்து டத்தோவுக்கு அதைவிடப் பெரிய டத்தோ ஸ்ரீ பட்டம் கிடைத்தது. தகட்டைக் கழற்றிவிட்டு, நீளமாக வேறொன்று செய்து மாட்டினார்கள். இன்னும் நாற்பது கிராம். அறிவியல் உலகில் பட்டத்துக்கு எடை உண்டு என்று நிரூபித்தவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

இறங்கும் வரிசையில் முதலில் கல்லூரி, அதற்கு அரை நிமிஷம் கழித்து டத்தோ ஸ்ரீ என்று ஆரம்பத்திலேயே முடிவாகியிருந்தது. இறங்குவது என்றால் பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு கோளும் ஒரு பெட்டிக்குள் இருக்கும், பெட்டிக்கு ஒரு கதவு, உள்ளே ஒரு ஸ்பிரிங். கதவு திறந்ததும் ஸ்பிரிங் வெளியே தள்ளிவிடும், அவ்வளவுதான். எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும் என்பது ராக்கெட்டின் கணினியில் ஒரு பட்டியலாக இருக்கும்.

எல்லாம் ஏற்றுமதியாகி, ராக்கெட்டின் தலையில் பொருத்தியும் ஆகிவிட்டது. அப்போதுதான் நம் பாஸ் ஓர் அழைப்பிதழ் மாதிரியோடு என் மேசைக்கு வந்தார். பாஸ் என்னைவிட இருபது வயது இளையவர். எனக்குத் தலைவர், ஆனால் கூப்பிடுவது அக்கா என்று.

"அக்கா, ஒரு சின்ன மேட்டர் லா."

நம் அலுவலகத்தில் சின்ன மேட்டர் என்றால் யாருக்கோ தூக்கம் கெடப்போகிறது என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். ராக்கெட் கிளம்பும் நாளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் விழா. பெரிய திரையில் நேரலை. மேடையில் ஒரு கண்ணாடி உருண்டை. டத்தோ ஸ்ரீ அதன்மேல் கையை வைத்தால் உள்ளே மின்னல் ஓடும், இரண்டு பக்கமும் புகை வரும். இதற்கு இங்கே கிமிக் என்று பெயர். மளிகைக் கடை திறந்தாலும் மாநாடு திறந்தாலும் கிமிக் இல்லாமல் இந்த நாட்டில் ஒன்றும் திறக்காது. கையை வைத்த கணத்தில் திரையில் முதல் செயற்கைக்கோள் பிரிய வேண்டும், அது அவருடையதாக இருக்க வேண்டும்.

"பேரு வாசிக்கிற வரிசையில டத்தோ ஸ்ரீதான் ஃபர்ஸ்ட். காலேஜ் கடைசி. ஸ்க்ரீன்ல மாத்தி வந்தா நல்லா இருக்குமா? மேல ரெண்டையும் மாத்திப் போட்டுடலாமே?"

பாருங்கள், உலகத்தில் எத்தனையோ நாடுகள் செயற்கைக்கோள் அனுப்புகின்றன. யார் முதலில் இறங்குவது என்பதை விழாவில் பெயர் வாசிக்கும் வரிசையை வைத்து முடிவு செய்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

பாஸைக் கேலி செய்வது சுலபம். அவர் கேட்கத்தான் செய்தார். கையெழுத்துப் போட்டவள் நான். ராக்கெட் கம்பெனியின் மாற்றப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்த மாற்றத்தால் கோள்கள் ஒன்றோடொன்று மோதும் ஆபத்து கூடுமா? அதே பெட்டி, அதே ஸ்பிரிங், அதே அரை நிமிஷ இடைவெளி, ஆள்தானே மாறியிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்லக்கூடாது. பாஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று அழைப்பிதழின் தங்க ஓரத்தை நகத்தால் தடவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றால் போதும் என்றிருந்தது. "கூடாது" என்று குறியிட்டு அனுப்பினேன். அதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கோப்பை தே தாரிக் டீகூட ஆறியிருக்காது.

விதிப்படி மாற்றத்தை வாத்தியாருக்கும் தெரிவித்தோம். மறுநாள் அவரிடமிருந்து ஒரு மெசேஜ்: "மிஸ், எங்களோடது லேசு. டத்தோ ஸ்ரீயோடது கனம். லேசானது பின்னால வந்தா, முன்னால போறதை இடிக்காதா? தெரிஞ்சுக்கக் கேட்கிறேன்."

தெரிந்துகொள்ளக் கேட்கிறேன் என்று முடித்திருந்தார். அவர் இந்தப் பயணத்திலேயே மிகக் குறைந்த கட்டணக்காரர். பேருந்தில் வந்து கோளை ஒரு சாப்பாட்டுக் கூடைக்குள் வைத்து இறக்கியவர். அப்படிப்பட்டவர் எனக்குப் பாடம் நடத்துவதா? நான் ஒரே வரியில் பதில் போட்டேன்: "கவலை வேண்டாம் சார், எங்களுக்கு இதில் நிறைய அனுபவம் இருக்கிறது."

அவர் நன்றி என்று திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு கும்பிடு போடும் படம்.

சனிக்கிழமை பிற்பகல். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் நான் மட்டும். கீழே சேலைக் கடையில் தீபாவளி மலிவு விற்பனை, ஏணிப்படி வரைக்கும் கூட்டம். வாத்தியாரின் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நேர்மையான உறுத்தல் என்று நினைத்துவிடாதீர்கள், வெறும் எரிச்சல்தான். இரண்டு அம்புக்குறி போட்டு அழகாக ஒரு படம் வரைந்து அனுப்பினால் மனிதர் இனிமேல் வாயே திறக்க மாட்டார் என்று கணக்குப் போட உட்கார்ந்தேன்.

படம் எனக்கு எதிராகவே வந்தது. ஒரே மாதிரி ஸ்பிரிங், கனமானதை மெதுவாகத் தள்ளும், லேசானதை வேகமாகத் தள்ளும். பெரியது முதலில் இறங்கி நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாக நகர்ந்துபோகும். சின்னது அரை நிமிஷம் கழித்து அதே திசையில், பக்கத்துக் கதவிலிருந்து, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் புறப்படும். ஒரு நிமிஷத்துக்குள் சின்னது பெரியதைப் பிடித்துவிடும். பழைய வரிசையில் லேசானது முன்னால் ஓடிவிடும், கனமானது பின்னால் ஆடி அசைந்து வரும், இரண்டுக்கும் நடுவே தூரம் கூடிக்கொண்டே போகும். அந்த வரிசையை அப்படி வைத்ததற்குக் காரணமே அதுதான். வைத்ததும் நான்தான். காரணத்தை மறந்துவிட்டு வரிசையை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன்.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் வாத்தியார்தான் ஜெயித்தார். ராக்கெட்டின் பட்டியலைப் பூட்டுவதற்குத் திங்கட்கிழமை நண்பகல் வரைதான் நேரம்.

உடனே பாஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஏதோ கல்யாண வீட்டில் இருந்தார், பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"இடிக்கும்னு கேரண்டியா அக்கா?"

"கேரண்டி இல்ல பாஸ். உரசாமலும் போகலாம்."

"அப்புறம் என்ன? வானம் பெருசு லா."

"வானம் பெருசுதான். இது ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வாசல்ல இருந்து ஒரே திசையில போகுது. வாசல் பெருசு இல்லையே."

பாஸ் நாதஸ்வரத்தை விட்டுத் தள்ளி வந்தார். பிறகு, "நீங்களே பாத்து எழுதிடுங்க, என் பேரை மெயில் சிசியில போடாதீங்க" என்றார்.

ராக்கெட் கம்பெனிக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் "ஒரு தவறு நேர்ந்திருப்பது கவனத்துக்கு வந்துள்ளது" என்றிருந்தது. தவறு தானாக நேர்ந்து, தானாகக் கவனத்துக்கு வந்ததாம், நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேனாம். இரண்டாவது வரைவில் வாடிக்கையாளரின் வேண்டுகோள் என்று டத்தோ ஸ்ரீயை உள்ளே இழுத்தேன். மூன்றாவதில் வேலைப்பளு வந்தது. நாலாவது மூன்றே வரி: நான் தவறாகக் குறியிட்டேன். ஆபத்து உண்டு. கணக்கு இணைப்பில். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அனுப்புவதற்கு முன் நான் ஏழு தடவை படித்த மின்னஞ்சல் அது ஒன்றுதான். ஐம்பத்தேழு வயதில் வேலை போனால் எங்கே போய் நிற்பது என்றும் யோசித்தேன். அதை மறைக்க எனக்கு வெட்கமில்லை.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், நன்றி சொல்லியிருந்தார்கள். கீழே இரண்டு வழிகள் போட்டிருந்தார்கள். இரண்டு உரிமையாளர்களும் கையெழுத்திட்டால் பழைய வரிசைக்கே போகலாம். திங்கள் நண்பகலுக்குள் இரண்டில் ஒரு கையெழுத்து வராவிட்டாலும் சின்னதின் கதவைத் திறக்க மாட்டார்கள். இனி கழற்றி எடுக்கவும் நேரமில்லை, அது பெட்டிக்குள்ளேயே இருந்து, ராக்கெட்டின் மிச்சத்தோடு திரும்பி விழுந்து எரிந்துபோகும்.

பாஸுக்கு இரண்டாவது வழி ரொம்பப் பிடித்துவிட்டது.

"சூப்பர் அக்கா. டத்தோ ஸ்ரீகிட்ட பேசவே வேணாம். வாத்தியாருக்கு அடுத்த ராக்கெட்ல ஃப்ரீயா ஒரு சீட் குடுத்துடலாம்."

"சீட் இருக்கும் பாஸ். உக்கார்றதுக்கு சாட்டலைட் இருக்காது. அது இந்த ராக்கெட்ல எரிஞ்சிடும்."

"வேற ஒன்னு செய்ய மாட்டாங்களா?"

"செய்வாங்க. நாலு வருஷம் ஆகும்."

பாஸ் கெட்டவர் இல்லை. டத்தோ ஸ்ரீ அடுத்து மூன்று கோள்கள் அனுப்பப்போவதாகச் சொல்லியிருந்தார், அதை நம்பித்தான் நம் அலுவலகத்தில் பதினோரு பேர் இருந்தோம். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. பயத்தில் ஒருவர் தேர்ந்தெடுக்கும் ஆள் எப்போதும் ரொட்டிப் பாக்கெட்டோடு பேருந்தில் வருகிறவராகவே இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப நீங்களே போய்ப் பேசுங்க" என்றார். தலைவர்கள் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது இப்படித்தான்.

வாத்தியாரைக் கூப்பிட்டேன். "சார், நீங்க கேட்டதுதான் சரி. தப்பு என்னோடது. பழைய மாதிரியே மாத்தணும், ரெண்டு பேரும் சைன் பண்ணணும்."

"சரி மிஸ். ஃபார்ம் அனுப்புங்க, இப்பவே பண்ணிடறேன்."

"டத்தோ ஸ்ரீ சைன் பண்ணலைன்னா உங்க கதவைத் திறக்க மாட்டாங்க சார்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டார்: "பசங்க கிட்ட இப்பவே சொல்லணுமா மிஸ், இல்ல திங்கக்கிழமை சொல்லிக்கலாமா?"

"திங்கக்கிழமை பாத்துக்கலாம் சார்" என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலையில் டத்தோ ஸ்ரீ பந்திங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வருகிறார் என்று அவருடைய உதவியாளர் சொன்னார். வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பந்திங் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி எனக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் வேகமாக வந்த நான் பிரேக்கை மிதித்தேன். ரொட்டிப் பாக்கெட்டுக்குப் பிரேக் கிடையாது என்று ஞாபகம் வந்தது.

பள்ளி மண்டபத்தில் எட்டரை மணிக்கே பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். பரதநாட்டிய உடுப்பில் ஆறேழு சின்னப் பெண்கள், மை வழிந்து கன்னத்துக்கு வந்துவிட்டது. பெற்றோர்கள் நிகழ்ச்சி நிரலை விசிறியாக்கியிருந்தார்கள். தலைமை ஆசிரியர் வாசலுக்கும் மேடைக்கும் நடந்துகொண்டே இருந்தார். பத்தரை மணிக்குக் கார் வந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். மேளம், மாலை, பன்னீர். டத்தோ ஸ்ரீ புன்னகையோடு, யாருக்கும் அவசரம் இல்லாததைப் போல நடந்து வந்தார்.

விழா முடிந்ததும் விருந்தினர் அறையில் மீ ஹூன் சேமியாவும், கிழங்கு வைத்துப் பொரித்த கறி பாப்பும் வைத்திருந்தார்கள். அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, சண்டேல இவ்ளோ தூரம்?"

நான் முன்னும் பின்னும் அலங்காரம் செய்யாமல் சொல்லிவிட்டேன். வரிசையை மாற்றியது தவறு, கையெழுத்துப் போட்டது நான், பின்னால் வரும் சின்னது உங்களுடையதை இடிக்கலாம். உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், நானும் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

டத்தோ ஸ்ரீ கறி பாப்பைக் கடித்துக்கொண்டே கேட்டார். முட்டாள் இல்லை அவர், ஒரே நொடியில் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அந்தச் சின்னதை நிப்பாட்டிடுங்க. என்னோடது போகட்டும். இதுக்கு எதுக்கும்மா சைன்?"

ஆற்றைப் பற்றிச் சொன்னேன். நாலு வருஷத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையாட்டினார், பாவம் என்றும் சொன்னார். பேனாவை மட்டும் தொடவில்லை. உதவியாளர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கோபம் வந்தது. அதே கோபத்தில்தான் யோசனையும் வந்தது.

"டத்தோ ஸ்ரீ, இன்னிக்கு இந்த ஹால்ல மொதல்ல வந்தது யாரு?"

"யாரு? பிள்ளைங்கதான்."

"கடைசியா?"

அவர் கறி பாப்பைத் தட்டில் வைத்தார்.

"விஐபி வர்றதுக்கு முன்னாடியே எல்லாரும் உள்ள இருக்கணும். அதானே இங்க முறை? மேல மட்டும் உங்களை மொதல்ல இறக்கிவிட்டா, நீங்க போய் நின்னுக்கிட்டு ஒரு காலேஜ் வர்றதுக்குக் காத்திருக்கிற மாதிரி ஆயிடும். பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?"

அவர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர், "ஆமா டத்தோ ஸ்ரீ, புரோட்டோகால்படி பாத்தா அதுதான் சரி" என்றார். அந்த மனிதருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று டத்தோ ஸ்ரீ பேனாவை எடுத்தார். பரிசுக் கோப்பைகள் வைத்திருந்த மேசையிலேயே கையெழுத்தாகிவிட்டது. கறி பாப் எண்ணெய் அதில் ஒரு விரல் அளவுக்குப் படிந்திருந்தது. கைத்தொலைபேசியில் படமெடுத்து அங்கிருந்தே அனுப்பினேன்.

நீங்கள் இப்போது சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு அன்றைக்குக் காரில் உட்கார்ந்து அழுகைதான் வந்தது. இயற்பியலைச் சொன்னேன், ஆற்றைச் சொன்னேன், என் தவற்றைச் சொன்னேன், பேனா அசையவில்லை. கடைசியில் ஒரு மனிதரின் தலைக்கனத்தைத் தடவிக்கொடுத்துத்தான் நாலு வருஷ உழைப்பைக் காப்பாற்ற முடிந்தது. அப்படிச் செய்யலாமா என்று நீங்கள் யாராவது கேட்டால், செய்யலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் தவற்றை எழுத்தில் ஒத்துக்கொண்ட பிறகு செய்யுங்கள். மின்னஞ்சலை அனுப்பாமல் கறி பாப்புக்கு மட்டும் போயிருந்தால் நான் பெரிய மனிதர்களின் வெறும் கையாள்.

விழா நாள் வந்தது. மண்டபம் நிறையக் கூட்டம். ராக்கெட் தகராறு இல்லாமல் கிளம்பி மேலே போனது. திரையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் பெண்மணி மைக்கைப் பிடித்து, "யாங் பெர்பஹாகியா டத்தோ ஸ்ரீ" என்று மலாய் மரியாதைச் சொல்லோடு வரவேற்பை ஆரம்பித்தார். பிறகு அடுத்த டத்தோ, அதற்கடுத்த டத்தோ, அவர்களுடைய துணைவியர், முன்னாள், இந்நாள், சங்கத் தலைவர்கள். ராக்கெட்டுக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது. அறிவிப்பாளர் மூன்றாவது டத்தோவின் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் திரையின் மூலையில் ஒரு பச்சை விளக்கு எரிந்து, கல்லூரியின் கோள் பிரிந்துவிட்டது. மேடையில் ஒருவரும் பார்க்கவில்லை.

கடைசி வரிசையில் மட்டும் கத்தினார்கள். வாத்தியாரும் பதினான்கு மாணவர்களும். முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். அரை நிமிஷம் கழித்து டத்தோ ஸ்ரீயின் கோள் இறங்கியபோது அறிவிப்பாளர் இன்னும் வரவேற்றுக்கொண்டுதான் இருந்தார். டத்தோ ஸ்ரீ உருண்டையில் கை வைத்து, மின்னல் ஓடி, புகை வந்தபோது மேலே எல்லாம் முடிந்து ஆறேழு நிமிஷம் ஆகியிருந்தது. கைதட்டல் பிரமாதம். இன்றைக்கும் அவர் மேடைக்கு மேடை, சின்னவர்களுக்கு வழிவிட்டுத் தான் பின்னால் போன கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய கோளும் நன்றாகவே வேலை செய்கிறது. முதல் படத்தில் மேகம் மட்டும் இருந்தது, அதையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

நான் கடைசி வரிசைக்குப் போய் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"சார், நீங்க கேட்டது அவ்ளோ கரெக்டா இருந்துச்சே. நான் அப்படி பதில் போட்டதும் ஏன் விட்டுட்டீங்க? நேரா ராக்கெட் கம்பெனிக்கே எழுதியிருக்கலாமே?"

கோபத்தில் ஏதாவது சொல்வார், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீங்கதான் அனுபவம் இருக்குன்னு எழுதிட்டீங்களே மிஸ். நான் நம்பிட்டேன். நம்ம கணக்குலதான் எங்கயோ தப்புன்னு பசங்க கிட்ட சொல்லி, போர்டுல போட்டிருந்ததை நானே அழிச்சிட்டேன்."